ஒப்புநோக்கும்போது நான் படிக்காமல் விட்ட வரி

எங்கள் டவுனின் வரைபடத்திலிருந்து ஒரு பாதையை இல்லாமல் செய்தவள் நான். நிலக்காரர் முள் அடைத்தார், போலீஸ் கேஸ் எழுதியது, கோர்ட்டு தண்டனை கொடுத்தது, எல்லாம் உண்மைதான். ஆனால் அவர்கள் எல்லோருக்கும் முன்னால், ஐந்தாறு வருஷம் முந்தியே, கையில் பேனாவை வைத்துக்கொண்டு அந்தப் பாதையை நான் மூடிவிட்டேன். இதை எழுத உட்காரும்போது இன்றைக்கும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. வருத்தம் அப்புறம்தான் வருகிறது.

டவுனின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கும், அங்கிருந்து ஜெயங்கொண்டத்துக்கும் ஓடுகிற பஸ்களில் ஏதோ ஒன்றில் ஏறினால் வழியில் இறங்கலாம். ஊர்க்காரர்கள் படித்தால் தங்கள் ஊர்தான் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்த பிறகு தெரியாதது மாதிரி இருப்பார்கள். அதில் அவர்களுக்கு நல்ல பழக்கம் உண்டு.

எழுபதுகளின் நடுவில் நில அளவை ஆபீஸ் ஒன்றில் ட்ரேசர் வேலை எனக்குக் கிடைத்தது. ட்ரேசர் என்றால், பழைய வரைபடத்தின் மேல் மெழுகு பூசிய மெல்லிய துணியை விரித்து, கீழே தெரிகிற கோடுகளை அப்படியே கறுப்பு மையில் படி எடுப்பவள். எங்கள் தெருவில் அரசாங்க ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். அம்மா களையெடுக்கப் போகிறவள். அண்ணன் தெரு முனையில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தான். அப்பா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டார். வேலைக்குச் சேர்ந்த அன்று அம்மா என்னைப் பார்த்து, "நீ கோடு போட்டா ஊரு ஒத்துக்குமாடி?" என்று கேட்டுச் சிரித்தாள். "கவர்மெண்டு முத்திரை குத்துனா ஒத்துக்கும்மா" என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

ஆபீஸில் ஆறு பேர். எல்லோருக்கும் மேலே ஹெட் டிராஃப்ட்ஸ்மேன். அவரை நாங்கள் ஹெட் என்றே சொல்வோம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என்னை ஒருநாளும் அதட்டியதில்லை. "ஏம்மா, உன் எழுத்து அச்சு மாதிரி இருக்கு" என்று பத்துப் பேர் முன்னால் பாராட்டுவார். ஆனால் டீ வரும்போது ஐந்து டம்ளர் ஒரு தட்டிலும், ஆறாவது டம்ளர் ஜன்னல் கட்டையிலும் இருக்கும். அதன் அடியில் யாரோ சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். கலந்து போய்விடக்கூடாதாம். நான் குடித்துவிட்டு நானே கழுவி அதே இடத்தில் கவிழ்த்து வைப்பேன். ஒரு வார்த்தை பேசியதில்லை. வேலை கிடைத்ததே பெரிசு என்று அப்போது எனக்கு அவ்வளவு பயம்.

எங்கள் வேலையில் ஒப்புநோக்குதல் என்று ஒன்று உண்டு. படி எடுத்து முடித்ததும் இரண்டு பேர் எதிரெதிரே உட்காருவோம். ட்ரேசர் பழைய படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக உரக்கப் படிக்க வேண்டும். "கிணறு ஒன்று." "புளியமரம் இரண்டு." "வண்டிப்பாதை." ஹெட் புதிய படத்தில் விரலை வைத்துத் தேடி, "இருக்கு" என்று சொல்லி பென்சிலால் ஒரு டிக் போடுவார். கடைசி வரை இருக்கு, இருக்கு என்று முடிந்தால் 'ஒப்புநோக்கப்பட்டது' என்ற முத்திரை விழும். முத்திரைக்குக் கீழே படி எடுத்தவளின் சுருக்கொப்பம், அதற்குக் கீழே ஹெட்டின் கையெழுத்து. அதன் பிறகு அந்தத் துணிதான் ஊர். இந்த முறையில் ஒரு ஓட்டை இருந்தது. படிக்காததை யாரும் தேட மாட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம் எங்கள் டவுனின் கிழக்குப் பக்கத்துத் தாள் என் மேஜைக்கு வந்தது. விளிம்பெல்லாம் அப்பளம் மாதிரி உதிர்ந்துகொண்டிருந்த பழைய தாள். படி எடுத்ததும் அதை ஒரு தகரக் குழாயில் போட்டு மெட்ராஸ் தலைமை ஆபீஸுக்கு அனுப்பிவிடுவார்கள். இனி எங்கள் ஊருக்கு நான் எடுக்கிற படிதான். கடைத்தெரு, ஊர்த்தெரு, ஏரி, பிள்ளையார் கோயில் எல்லாம் வரைந்து முடித்து வலது ஓரத்துக்கு வந்தேன். எங்கள் தெரு. தெருவிலிருந்து நிலக்காரரின் பருத்திக் கொல்லை ஓரமாக ஓடைக்கரைச் சுடுகாட்டுக்குப் போகிற பாதை, புள்ளி புள்ளியாக. பட்டா நிலத்துக்குள் நடந்து நடந்து உண்டான வழியை அப்படித்தான் புள்ளியாகக் காட்டுவார்கள். அந்தப் புள்ளிகளின் மேல் அழகான கையெழுத்தில் பாதையின் பெயர். எங்கள் சாதிப் பெயரை முதலில் போட்டு, அதோடு சேரியைச் சேர்த்து, அப்புறம் சுடுகாட்டுப் பாதை.

ஊர்த்தெருவில் எங்களைத் திட்டும்போது முதலில் வருகிற சொல் அதுதான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என் பெயருக்குப் பதிலாகக் கூப்பிட்டதும் அதுதான். அந்தச் சொல்லை நான் அழகாக எழுத வேண்டும். எழுதிய பிறகு ஒப்புநோக்கும்போது, ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிற அறையில், என் வாயால் உரக்கப் படிக்க வேண்டும். ஹெட் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்காமல் "இருக்கு" என்று சொல்வார். அதை நினைத்தபோதே என் காது சூடாகிவிட்டது.

பெயரை மட்டும் விட்டுவிட்டுப் புள்ளிகளை வைக்கலாம் என்று பார்த்தேன். பெயரில்லாத கோடு இருந்தால் ஹெட் நிச்சயம் கேட்பார், இது என்னம்மா என்று. பழைய தாளை இழுத்துப் பார்ப்பார். அப்போது அவரே படிப்பார். அதனால் இரண்டையும் விட்டேன். ஒப்புநோக்கிய அன்று தெருவைப் படித்தேன், தெருக் கிணற்றைப் படித்தேன், நேராகச் சுடுகாட்டுக்குத் தாவினேன். "இருக்கு, இருக்கு" என்றார். முத்திரை விழுந்தது. நான் சுருக்கொப்பம் போட்டேன். வெளியே வந்து பம்பில் முகம் கழுவினேன். மனசு லேசாக இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அரசாங்கப் படத்திலிருந்து ஒரு வசவை எடுத்துவிட்டதாக எனக்குள் ஒரு மிதப்பு. பாதைக்கு என்ன, மண்ணில் கிடக்கிறது, துணியில் இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன என்று நினைத்தேன். நில அளவை ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு இப்படி நினைத்த முட்டாள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் லாரிகள் பெருத்தன. ரோட்டோரக் கொல்லைகளுக்கு மவுசு வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஆவணி மாசம், நிலக்காரர் தன் பருத்திக் கொல்லையைச் சுற்றிக் கருவேல முள் அடைத்தார். பாதை உள்ளே போய்விட்டது. அண்ணனும் நாலு பேரும் போய்க் கேட்டார்கள். "எம் பட்டாவுல எவனுக்குடா பாதை?" என்றார். வேறு வழி என்றால் ஊர்த்தெரு வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் தெருவில் நாங்கள் உயிரோடு நடப்பதற்கே ஆயிரம் விதி. பிணம் போக விடவே மாட்டார்கள். தாலுகா ஆபீஸுக்கு மனு கொடுத்தோம். மனு கொடுத்த இரண்டு மாசமும் தெருவில் யாரும் சாகாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

ஐப்பசியில் அம்மா போய்விட்டாள். மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் காலையில் மூச்சு நின்றுவிட்டது. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மத்தியானம் வரை பேசிப் பார்த்தார்கள். நிலக்காரர் வீட்டில் இல்லை என்றார்கள். வீட்டுக்குள்ளேதான் இருந்தார், எல்லோருக்கும் தெரியும். கடைசியில் அண்ணன், "எல்லாரும் போன வழியிலதான் எங்கம்மாவும் போவா" என்று சொல்லிவிட்டு அரிவாளை எடுத்துப் போய் முள்ளை வெட்டி வழி உண்டாக்கினான். பாடையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குள் பாதித் தூரம் போனார்கள். அங்கே நிலக்காரரின் ஆட்கள் கம்போடு வந்து மறித்துக்கொண்டார்கள். பாடையைக் கீழே வைக்கும்படி ஆகிவிட்டது. இடுப்பளவு பருத்திச் செடி நடுவில், மழையில், அம்மா கிடந்தாள். போலீஸ் வரும் வரை இரண்டு மணி நேரம். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகக்கூடாது என்பார்கள், நான் போனேன். என் முந்தானையை அவள் முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றேன். துணி நனைந்து தண்ணீர் அவள் நெற்றியில்தான் சொட்டியது.

போலீஸ் வந்து அம்மாவை அடக்கம் செய்ய விட்டார்கள். மறுநாள் அண்ணனையும் இன்னும் பத்துப் பேரையும் பிடித்துப் போனார்கள். அத்துமீறி நுழைந்தது, வேலியை உடைத்தது, காவல்காரனை அரிவாளால் மிரட்டி அடித்தது. முதல் எதிரி அண்ணன்.

பெரம்பலூரிலிருந்து ஒரு வக்கீல் தானாக வந்தார். முப்பது வயசு இருக்கும். வெள்ளைச் சட்டையில் பஸ் தூசியோடு தெருவுக்குள் நுழைந்தவர், கேட்காமலே எங்கள் வீட்டுச் செம்பில் தண்ணீர் மொண்டு குடித்தார். அதிலேயே தெரு அவரை நம்பிவிட்டது. மனித உரிமை என்ற வார்த்தையை அவர்தான் எங்களுக்கு முதலில் சொன்னார். ஜாமீனில் வந்திருந்த அண்ணன் கேட்டுவிட்டு, "மனுசன்னு நிரூபிக்கவே இங்க வாய்தா வாங்கிட்டுத் திரியறோம். உரிமைக்கு எந்த வருஷம் சார் விசாரணை?" என்றான். வக்கீல் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வக்கீலுக்கு ஒரு யோசனை இருந்தது. முள் வேலி ஒரு நாள் தகராறு இல்லை, இந்த டவுன் முழுக்க இப்படித்தான் என்று கோர்ட்டுக்குக் காட்ட வேண்டும். "நீங்க படம் போடற ஆளுதானேம்மா. எங்கெங்க என்னென்ன நடக்குதுன்னு ஊரையே ஒரு படமாப் போட்டுக் குடுங்க" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் முன்னால் நடக்க, நான் நோட்டோடு பின்னால் நடந்தேன். பிறந்து வளர்ந்த ஊரை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அண்ணன் ஒவ்வொரு இடமாக நின்றான். "இங்க சைக்கிள விட்டு எறங்கணும்." ஊர்த்தெரு ஆரம்பம். "இங்க மறுபடி ஏறலாம்." ஊர்த்தெரு முடிவு. ஊர்க்காரர்களின் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன் அவன். ரிப்பேர் பார்த்த சைக்கிளைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போதும் அந்த நூற்றைம்பது அடியைத் தள்ளிக்கொண்டுதான் போவான். "இங்க செருப்ப கையில எடுக்கணும்." "இந்த டீக்கடையில நமக்கு கொட்டாங்குச்சி, இப்ப கிளாஸாயிடுச்சு, ஆனா தனி ஆணியில தொங்கும்." "இந்த சலூன்ல முடி வெட்ட மாட்டான், காசு குடுத்தாலும்." "இந்த வூட்டுல கூலிய மேலேந்து போடுவாங்க, கீழ கையேந்தணும்." ஒரு புளியமரத்தடியில் நின்று ஒன்றும் சொல்லவில்லை. என்னண்ணே என்றேன். "அப்பாவ இங்க கட்டி வச்சு அடிச்சாங்க. ஒனக்கு ரெண்டு வயசு. வூட்டுக்கு வந்து படுத்தவரு எந்திரிக்கல." அதுவரை அப்பா காய்ச்சலில் போனார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அம்மா அப்படித்தான் சொல்லி வளர்த்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நோட்டைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. யார் மேல் என்று தெரியாமல், செத்துப்போன அம்மா மேல் கோபப்பட்டேன்.

வீட்டில் உட்கார்ந்து வரைந்தேன். எங்கள் துறையின் குறியீடுகளில் கிணற்றுக்கு வட்டம் உண்டு, கோயிலுக்குக் குறி உண்டு, தனி மரத்துக்குக்கூட உண்டு. சைக்கிளை விட்டு இறங்குகிற இடத்துக்கு ஒரு குறி கிடையாது. நானே வைத்தேன். இறங்குமிடத்துக்கு ஒரு சிறு கோடு, ஏறுமிடத்துக்கு இரண்டு. தனி டம்ளருக்கு ஒன்றையொன்று தொடாத இரண்டு வட்டம். புளியமரத்துக்கு மரத்தின் குறியைப் போட்டு அதைக் கறுப்பாக நிரப்பினேன். கடைசியாக என் ஆபீஸ் இருந்த கட்டடத்தின் மேலும் இரண்டு வட்டம் போட்டேன். அண்ணன் குனிந்து பார்த்து, "இங்கயுமா?" என்றான். இத்தனை வருஷம் நான் வீட்டில் சொன்னதில்லை.

அந்தப் படத்தில் சுடுகாட்டுப் பாதையைப் பெரிதாகவே போட்டேன். வக்கீல் மிகவும் சந்தோஷப்பட்டார். "இதோட உங்க ஆபீஸ் படத்தோட நகலும் வாங்கி வச்சிடலாம். கவர்மெண்டு படத்துலயே பாதை இருந்துட்டா அண்ணன் மேல கேஸே நிக்காது. எடுத்த எடுப்புல விடுதலை" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை அந்தத் துணியை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. பத்து நாள் கழித்து நகலோடு வந்து, எங்கள் வீட்டுத் தரையில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார் வக்கீல். விரலால் தேடினார். "பாதையவே காணோமே" என்றார். அண்ணன் குனிந்தான். "எப்படி சார் இல்லாம போவும்? எங்க தாத்தன் காலத்து வழி." நகலின் ஓரத்தில் முத்திரை. அதன் கீழே என் சுருக்கொப்பம். அது என்னுடையது என்று அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. நான் எழுந்து போய் அடுப்பைப் பார்த்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

சொல்லியிருக்கலாம். அன்றைக்கே சொல்லியிருந்தால் மெட்ராஸிலிருந்து பழைய தாளின் நகலை வாங்கியிருக்கலாம். சொன்னால் வேலை போகும் என்று பயந்தேன். அரசாங்க ஆவணத்தில் வேண்டுமென்றே விட்டது சாதாரணக் குற்றம் இல்லை. அண்ணன் ஜெயிலுக்குப் போனால் வீட்டுக்கு என் வேலைதானே என்று எனக்கு நானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டேன். அதெல்லாம் சப்பைக்கட்டு. உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது அண்ணனின் முகத்தைப் பார்க்கத்தான்.

கேஸ் ஒரு வருஷம் நடந்தது. எங்கள் படத்தை கோர்ட்டு எடுத்துக்கொள்ளவில்லை. வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்று மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆபீஸ் நகலை எடுத்துக்கொண்டார்கள். அரசுத் தரப்பு வக்கீல் அதைத்தான் தூக்கித் தூக்கிக் காட்டினார். அரசாங்கமே அளந்து, ஒப்புநோக்கி, முத்திரை குத்திய படத்தில் இல்லாத பாதை எங்கிருந்து வந்தது என்று கேட்டார். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மற்ற பத்துப் பேரை விட்டுவிட்டு அண்ணனுக்கு மட்டும் ஆறு மாசம் போட்டார்கள். திருச்சி ஜெயில். வேனில் ஏறும்போது என்னைப் பார்த்து, "கடைய மூடிடாத பாப்பா. பக்கத்து வூட்டான ஒட்டச் சொல்லு" என்றான். நான் தலையை ஆட்டினேன்.

ஆறு மாசம் கழித்து வந்தவன் பாதி ஆளாக இருந்தான். வலது காலை இழுத்து இழுத்து நடந்தான். என்ன நடந்தது என்று கேட்டதற்கு, "வழுக்கி வுழுந்துட்டேன்" என்றான். அப்பாவுக்குக் காய்ச்சல் என்று அம்மா சொன்ன மாதிரியே சொன்னான். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். பழைய தாள், அதில் இருந்த பெயர், ஒப்புநோக்கும்போது நான் தாவியது, ஓரத்தில் இருந்த சுருக்கொப்பம்.

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாயிருக்கும். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். "அந்த வார்த்தைய ஒரு நாளைக்கு பத்து தடவ எம் மேல வீசறானுங்க. நான் சைக்கிளும் தள்ளிக்கிட்டுத்தான் போறேன், பஞ்சரும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒனக்கு ஒரு தடவ வாயால சொல்ல முடியல." ஈரக் கையை வேட்டியில் துடைத்தான். "அம்மாவ மழையில போட்டிருந்தோம். அப்பயும் நீ பக்கத்துலதான நின்ன" என்றான். அதுதான் கடைசி. எழுந்து கடைக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே சோற்றுப் பானையில் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் நான் நடந்ததை நடந்தபடி எழுதி ஹெட்டிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். "ஏம்மா, இத நான் வாங்கலன்னு வச்சுக்கறேன். கிழிச்சுடு. ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்" என்றார். "நீங்க வாங்கலன்னா தபால்ல மெட்ராஸுக்குப் போவும் சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அன்று டீ வந்தபோது ஜன்னல் கட்டையிலிருந்த டம்ளரை எடுத்து மற்ற ஐந்தோடு தட்டில் வைத்தேன். யாரும் டீ குடிக்கவில்லை. நான் மட்டும் குடித்தேன்.

மெமோ வந்தது, விசாரணை வந்தது. வேலை போகவில்லை. மீன்சுருட்டிப் பக்கம் வயல் அளக்கிற முகாமுக்குத் தூக்கியடித்தார்கள். தினமும் இரண்டு பஸ் மாறி, முந்திரிக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டு போய்வருவேன். ஹெட்டுக்குக் கவனக்குறைவு என்று ஒரு எச்சரிக்கை. வக்கீல் பாதைக்காகத் தனியாக ஒரு வழக்குப் போட்டார். மெட்ராஸிலிருந்து பழைய தாளின் நகல் வரவே பத்து மாசம் ஆனது. அதைப் பார்த்த பிறகு, இடத்தில் போய் ஒப்புநோக்கி அறிக்கை கொடுக்கும்படி உத்தரவானது. விட்டவளே வந்து படிக்க வேண்டும், ஹெட்டே சரிபார்க்க வேண்டும் என்று மேலிடத்தில் யாரோ முடிவு செய்திருந்தார்கள். தண்டனை என்று நினைத்துத்தான் செய்திருப்பார்கள்.

ஒரு புரட்டாசிக் காலையில் எல்லோரும் கொல்லைக்குப் போனோம். ஒரு பக்கம் நிலக்காரரும் அவர் ஆட்களும். இன்னொரு பக்கம் எங்கள் தெரு முழுக்க. அண்ணன் அதில் இல்லை, கடையில் இருப்பான் என்று நினைத்தேன். பாதை இருந்த சுவடே இல்லை. ஆழ உழுது, ஓரம் முதல் ஓரம் வரை பருத்தி போட்டிருந்தார்கள். செடி இடுப்புக்கு மேல் நின்றது.

நான் நகலைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன்.

"தெருக் கிணறு ஒன்று."

"இருக்கு" என்று ஹெட் டிக் போட்டார்.

"புளியமரம் இரண்டு."

"ஒண்ணுதான் இருக்கு. ஒண்ணு வெட்டுப்பட்டிருக்கு."

அடுத்தது அதுதான். நிலக்காரரின் ஆட்களில் ஒருவன் இளித்துக்கொண்டு, "படிங்க, படிங்க" என்றான். நான் நிமிர்ந்து, இரண்டு பக்கத்துக்கும் கேட்கும்படி, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது மாதிரி எழுத்து எழுத்தாகப் படித்தேன்.

"பறைச்சேரி சுடுகாட்டுப் பாதை."

ஹெட் பென்சிலோடு கொல்லையைப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். பருத்தியைத் தவிர ஒன்றும் இல்லை. நிலக்காரர், "படத்துல இருக்கும் சார். தரையில எங்க இருக்கு? காட்டச் சொல்லுங்க" என்றார். ஹெட் என்னைப் பார்த்தார். இல்லை என்று எழுதப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது கொல்லைக்குள்ளிருந்து செடிகள் அசைகிற சத்தம் கேட்டது. காலை இழுத்து இழுத்து, செடிகளை விலக்கிக்கொண்டு, அண்ணன் சுடுகாட்டுப் பக்கத்திலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தான். வளைவில் வளைந்தான், நேரில் நேராக வந்தான். அவன் வருகிற வழி, என் கையிலிருந்த நகலின் புள்ளிகள் போகிற வழி. பாதித் தூரத்தில் ஒரு இடத்தில் வந்து நின்றான். அம்மாவை நாங்கள் கீழே வைத்த இடம். ஹெட்டைப் பார்க்கவில்லை, நிலக்காரரைப் பார்க்கவில்லை. நேராக என்னைத்தான் பார்த்தான்.

"இருக்கு" என்றான்.

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. ஹெட் குனிந்து டிக் போட்டார்.